ராத்திரி இருமலுக்கு எந்த சிரப்?

குழந்தை நலம்: வாசகர் கேள்வி, மருத்துவர் குழு பதில்

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் சளி. அது ஆறுவதற்குள் ஆடிக்காற்று. அதற்கப்புறம் மார்கழிப் பனி. கொங்கு நாட்டுப் பெற்றோரிடமிருந்து வருகிற கடிதங்கள் இந்த மூன்று பருவத்திலும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: “பகலில் ஒன்றுமில்லை, ராத்திரி தூங்க விடமாட்டேன் என்கிறது இருமல்.” இந்த இதழில் முழுக்க அந்தக் கடிதங்கள்தான்.

பையனுக்கு 4 வயசு. சளி பிடிச்சு பத்து நாளாச்சுங்க. காய்ச்சல் போயிருச்சு, நல்லா சாப்பிடறான், பகலெல்லாம் குதிச்சு விளையாடறான். படுத்தா அரை மணி நேரத்துல இருமல் ஆரம்பிக்குது. ராத்திரி மட்டும் ஏன் இப்படி?
(வாசகி, அவிநாசி)

பகலிலும் அவனுக்குச் சளி ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. உட்கார்ந்து, ஓடி, தண்ணீர் குடித்து, தன்னை அறியாமலே விழுங்கிவிடுகிறான். படுத்ததும் மூக்கின் பின்புறத்திலிருந்து வடிகிற சளி தொண்டையில் தங்குகிறது. தொண்டை அதைத் தள்ளப் பார்க்கிறது, அதுதான் இருமல். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மூச்சுக்குழாயை விரிவாக வைத்திருக்கும் உடம்பின் சொந்த ஹார்மோன்கள் இரவில் குறைந்துவிடும். விடியற்காலை 4 மணி வாக்கில் மூச்சுக்குழாய் மிகவும் சுருங்கி இருக்கும். படுக்கையறையின் தூசியும் கொசுவர்த்திப் புகையும் அதன்மேல் ஏறிக்கொள்ளும்.

பத்து நாள் என்பது அம்மாவுக்கு நீளம், வைரஸ் சளிக்கு நீளமில்லை. சளியோடு வரும் இருமல் பாதிக் குழந்தைகளுக்குப் பத்து நாளில் நிற்கும். பத்தில் ஒன்பது பேருக்கு நிற்க 25 நாள்வரை ஆகும். பால்வாடி, எல்.கே.ஜி. வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 சளி வருவது சாதாரணம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொற்றினால், “நாலு மாசமா இருமல் நிக்கவே இல்ல” என்று தோன்றும். இடையில் ஒரு வாரமாவது சுத்தமாக இருமல் இல்லாமல் இருந்தானா என்று நினைத்துப் பாருங்கள். இருந்தான் என்றால் அது தனித்தனிச் சளி.

இன்றிரவு செய்ய வேண்டியது இது. மருந்துக்கடையில் 0.65 சதவீத உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து கேட்டு வாங்குங்கள். படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் பையனை மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு மூக்கிலும் 2 சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து எழுப்பிச் சிந்தச் சொல்லுங்கள், ஒரு பக்கத்தை மூடி இன்னொரு பக்கம். அப்புறம் ஒரு சின்னக் கரண்டி தேன். தலைமாட்டில் மெத்தைக்கு அடியில் ஒரு தலையணையை நுழைத்துச் சற்றே உயர்த்தலாம். கைக்குழந்தைக்கு மட்டும் தலையணை, உயரம் எதுவும் கூடாது. சமமான படுக்கையில் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும்.

போன காய்ச்சல் திரும்பி வந்தால், அல்லது 4 வாரம் தாண்டியும் இருமினால், டாக்டரிடம் காட்டுங்கள். சளி மஞ்சளாக, பச்சையாக மாறியது மட்டும் ஆன்டிபயாடிக் கேட்பதற்குக் காரணம் ஆகாது. வைரஸ் சளியும் நாலைந்து நாளில் அந்த நிறத்துக்கு வரும்.

பாப்பாவுக்கு ஒண்ணே முக்கா வயசு. பக்கத்துக் கடையில கேட்டா ஒரு சிரப் குடுக்கறாங்க, குடிச்சா நல்லாத் தூங்குது. ஆனா போன வருஷம் செய்தியில வந்ததைப் பாத்ததுல இருந்து பயமா இருக்குது. எந்த சிரப் நல்லதுன்னு சொல்லுங்க.
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

அந்த வயதுக்கு நல்ல இருமல் சிரப் என்று ஒன்று கிடையாது. நீங்கள் சொல்லும் “நல்லாத் தூங்குது” என்பது அந்த மாதிரி சிரப்பில் சேர்க்கும் ஒவ்வாமை மருந்தின் மயக்கம். இருமல் குணமானதால் வந்த தூக்கம் இல்லை. சளி உள்ளே இருக்க, அதைத் தள்ளும் வேலையை மட்டும் மருந்து மழுங்கடிக்கிறது.

செய்தி இதுதான். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் தமிழ்நாட்டில் தயாரான ஓர் இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் கலந்திருந்தது. சிரப்பின் இனிப்பான திரவத்துக்கு அடிப்படையாகச் சேர்க்கும் பொருள்களில் இந்த நஞ்சு கலப்படமாக நுழைய முடியும். மணத்தையோ நிறத்தையோ வைத்து வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அதே அக்டோபரில் மத்திய அரசின் சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகளை எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அதற்கு முன்பே, 2023-இல், குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் பினைலெப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று அட்டையில் அச்சிட உத்தரவு வந்தது. உங்கள் வீட்டில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள், அந்தப் பெயர்கள் இருக்க வாய்ப்பு அதிகம்.

கலப்படம் இல்லாத சிரப்பாகவே இருந்தாலும் சின்னக் குழந்தைக்கு அதனால் பலன் உண்டு என்று ஆய்வுகள் காட்டவில்லை. பலன் இல்லாத ஒன்றுக்காக ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்? அக்காவுக்கு எழுதித் தந்த பாட்டிலைத் தம்பிக்குக் கொடுப்பதும், பாதி மீந்ததை அடுத்த சளிக்கு எடுத்து வைப்பதும் இன்றோடு நிற்கட்டும்.

காய்ச்சலுக்கான பாரசிட்டமால் வேறு விஷயம், அது தேவைப்படும். உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 வேளைக்கு மேல் இல்லை. 10 கிலோக் குழந்தைக்கு 150 மில்லிகிராம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மி.லி.யில்தான் 120 அல்லது 250 இருக்கும். சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் இரண்டு முதல் நாலு மடங்கு உள்ளே போய்விடும். அட்டையைப் படித்து, கூட வரும் அளவுக் குழாயிலேயே அளந்து கொடுங்கள். சமையல் கரண்டி ஆளுக்கு ஒரு அளவு.

எங்க வீட்டுக்குப் பின்னாடியே தறிக்குடோன். பொண்ணுக்கு 6 வயசு. மாசத்துல பாதி நாள் விடியக்காலம் 3 மணி, 4 மணிக்கு வறட்டு இருமல். ஓடினா, சிரிச்சாக்கூட இருமறா. டாக்டர் வீசிங்னு சொல்லி இன்ஹேலர் எழுதிக் குடுத்துட்டாரு. அதப் பழகினா வாழ்நாள் பூரா விட முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. சிரப்லயே சரி பண்ண முடியாதுங்களா?
(வாசகி, சோமனூர்)

விடியற்காலை, வறட்டு இருமல், ஓடினால் இருமல், சிரித்தால் இருமல், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப. இந்த நான்கையும் கேட்டால் எந்தக் குழந்தை மருத்துவரும் முதலில் ஆஸ்துமாவைத்தான் நினைப்பார். வீட்டில் யாருக்காவது இளைப்போ, தோல் அரிப்போ, ஓயாத தும்மலோ உண்டு என்றால் சந்தேகம் இன்னும் உறுதி. சில குழந்தைகளுக்கு ‘விசில்’ சத்தமே கேட்காது, இருமல் மட்டும்தான் இருக்கும்.

சிரப்பா இன்ஹேலரா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் சிரப் 5 மி.லி.யில் 2 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு, அதாவது ஒருமுறை அழுத்தினால், 100 மைக்ரோகிராம் (0.1 மில்லிகிராம்). ஒரு கரண்டி சிரப் 20 பஃப்புக்குச் சமம். சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, அப்புறம்தான் கொஞ்சம் நுரையீரலுக்கு வரும். இன்ஹேலர் இருபதில் ஒரு பங்கை நேராக அங்கேயே கொண்டு சேர்க்கிறது. பழக்கம் ஆகிவிடும் என்பது பொய். நோய் அடங்கினால் டாக்டரே அளவைக் குறைத்து நிறுத்துவார். பல குழந்தைகளுக்கு வளர வளர வீசிங் தானாகக் குறையும்.

இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று இருமல் வரும்போது உடனே தணிப்பது, அது பெரும்பாலும் நீல நிறம். இன்னொன்று ஸ்டீராய்டு உள்ளது. நல்லா இருக்கும்போதும் தினமும் அடிக்க வேண்டும், உள்வீக்கத்தைக் குறைப்பது அதுதான். நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு, நாலு நாள் நன்றாக இருந்ததும் தினசரி இன்ஹேலரை நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்வது. நீலம் வாரத்துக்கு 2 நாளுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை.

அடிக்கும் முறை தவறினால் மருந்து நாக்கில்தான் படியும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் குழந்தைக்கு இன்ஹேலர் கொடுக்கவே கூடாது. உட்காரவைத்து, மூடியைக் கழற்றி, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரின் பின்புறம் பொருத்துங்கள். உங்கள் மகள் வயதுக்கு வாய்வைக்கும் முனையே போதும், உதடுகள் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். 4, 5 வயதுக்குக் கீழே முகமூடி மாட்டி, மூக்கும் வாயும் மூடும்படி இடைவெளி இல்லாமல் அழுத்துங்கள். ஒரே ஒரு பஃப் அடித்து, சாதாரணமாக 5, 6 மூச்சு இழுக்கவிடுங்கள். வால்வு அசைவதைப் பார்த்து எண்ணலாம். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டையும் சேர்த்து ஒரேயடியாக அடித்தால் மருந்துத்துளிகள் ஒன்றோடொன்று மோதி சுவரில் ஒட்டிப் பாதி வீண். அழும் குழந்தைக்கு அடித்தாலும் வீண்தான். தூங்கும்போது முகமூடி வைக்கலாமே என்றால் பல குழந்தைகள் விழித்து அழும், விழித்திருக்கையில் விளையாட்டாகப் பழக்குவதே மேல். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

புது ஸ்பேசரை உபயோகிக்கும் முன்பும், அப்புறம் மாதம் ஒருமுறையும், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஓரிரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து நிழலில் தானாகக் காயவிடுங்கள். துணியால் உள்பக்கம் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்தை இழுத்துக்கொள்ளும். இன்ஹேலரில் மருந்து மீதி இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பகமில்லை. மருந்து தீர்ந்த பின்னும் வாயு சீறும், சத்தமும் நம்பகமில்லை. எண்ணிக்கை காட்டும் இன்ஹேலர் வாங்குங்கள். இல்லாவிட்டால் கணக்குப் போடுங்கள்: 200 பஃப் உள்ளது, தினம் 4 பஃப் என்றால் 50 நாள்.

ராத்திரி இருமல் முற்றி மூச்சு இழுத்தால், டாக்டர் எழுதித் தந்த திட்டப்படி நீல இன்ஹேலர். பொதுவாக 2 பஃப், ஒவ்வொன்றாக. 20 நிமிடத்தில் தணியாவிட்டால் மறுபடி 2, இன்னொரு 20 நிமிடம் பொறுத்து மறுபடி 2. முதல் 2 மணி நேரத்துக்குள் 6 பஃப்புக்கு மேல் தேவைப்பட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இனி தறி. நூற்பாலையில் வருடக்கணக்காக வேலை செய்கிறவர்களுக்கு வரும் பஞ்சுத்தூசி நுரையீரல் நோய் உங்கள் மகளுக்கு வந்துவிடவில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஏற்கெனவே எரிச்சலடைந்த மூச்சுக்குழாயை அந்தத் தூசி கிளறிவிடும். குடோனுக்கும் படுக்கையறைக்கும் நடுவே கதவோ ஜன்னலோ இருந்தால் அதை அடைத்துவிடுங்கள். தறியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் நேரம் அவள் பள்ளியில் இருக்கும் நேரமாக இருக்கட்டும். குடோனில் போட்ட துணியோடு குழந்தையைத் தூக்காதீர்கள். குளித்து மாற்றிக்கொண்டு தூக்குங்கள், பனியன் கம்பெனி செக்கிங், கட்டிங் வேலைக்கும், காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத்து நார் மில் வேலைக்கும் இதுவே. வீட்டைச் சீமாறு போட்டுப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பழைய இலவம்பஞ்சுத் தலையணையும் உதிரும் மெத்தையும் அவள் கட்டிலில் இருக்கவே கூடாது. போர்வை, தலையணை உறையை வாரம் ஒருமுறை கைபொறுக்காத வெந்நீரில், அதாவது 60 டிகிரியில், துவைத்தால்தான் தூசுப்பூச்சி சாகும்.

கொசுவர்த்திச் சுருளை நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கரூரில் கொசுவலை நெய்து நாடெல்லாம் அனுப்புகிற ஊர்க்காரர்கள் நாம், நம் பிள்ளைக்கு ஒன்று கட்டக்கூடாதா?

எங்க அம்மிச்சி நல்லா வைத்தியம் தெரிஞ்சவங்க. தேன், கற்பூரவள்ளிச் சாறு, கொள்ளு ரசம் எல்லாம் குடுக்கறாங்க. குளிக்க ஊத்தினதும் பாப்பா மூக்குல எண்ணெய் விட்டு ஊதறாங்க, சாம்பிராணி காட்டறாங்க, நெஞ்சுல கற்பூர எண்ணெய் தேய்க்கறாங்க. பாப்பாவுக்கு 8 மாசம், பெரியவனுக்கு 5 வயசு. எது சரி, எது தப்பு?
(வாசகி, காங்கேயம்)

பெரியவனுக்கு அம்மிச்சி தருவதில் முக்கால்வாசி சரி. 8 மாதக் குழந்தைக்குச் செய்வதில் ஏறக்குறைய எல்லாமே தப்பு. வயதுதான் இங்கே தீர்ப்பு.

தேனுக்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. படுக்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன், அதாவது இரண்டரை முதல் 5 மி.லி., தனியாகவோ வெதுவெதுப்பான நீரிலோ. ராத்திரி இருமலைக் குறைப்பதில் கடை சிரப்புக்கு எந்த வகையிலும் இளைத்ததில்லை. கொடுத்த பின் பல் துலக்க வேண்டும். ஒரு வயது முடியாத குழந்தைக்கு மட்டும் நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசக் கிருமியின் விதைகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சாகி, உறிஞ்சும் சக்தியும் மூச்சும் தளர்ந்துவிடும். காய்ச்சினாலும் அந்த விதைகள் சாகாது. வசம்போடு, உரமருந்தோடு தேன் குழைத்துக் கொடுப்பதும் இதில் சேரும்.

கொள்ளு ரசம், மிளகு ரசம், தூதுவளை ரசம், பனங்கற்கண்டு போட்ட பால் எல்லாம் பெரியவனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சூடான திரவம் சளியை இளக்கும், தொண்டைக்கு இதம். காரத்தைக் குறையுங்கள். கற்பூரவள்ளியில் ஓரிரண்டு இலையைப் பிழிந்து கொடுப்பதில் பெரிய தீங்கில்லை, பெரிய பலனை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

மூக்கில் எண்ணெய் விடுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ, மூக்கில் விட்டால் இருமலைத் தூண்டாமலே நைசாக மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிப் போகும். நுரையீரல் அதைக் கரைக்க முடியாது. அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவாகும். கிருமி இல்லாத நிமோனியா என்பதால் ஆன்டிபயாடிக்குக்கும் அசையாது. வாயால் ஊதுவது பெரியவர் வாய்க்கிருமியைக் குழந்தைக்குள் தள்ளும் வேலை. மூக்கடைப்புக்குப் பால் கொடுக்கும் முன் ஓரிரு சொட்டு உப்புநீர் போதும்.

கற்பூரம் நஞ்சு. சின்ன வில்லையை விழுங்கினால் போதும், குழந்தைக்கு வலிப்பு வந்துவிடும். தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே போகும். தைலங்களிலும் கற்பூரம் உண்டு, ஆகவே 2 வயதுக்குக் கீழே அதுவும் வேண்டாம். பெரியவனுக்கும் மூக்குத் துளையில் தடவக்கூடாது. சாம்பிராணி கமகமவென்றுதான் இருக்கிறது, ஆனாலும் புகை புகைதான். வெந்நீருக்கு விறகடுப்பு எரிக்கிற வீட்டில் குழந்தையை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஆவி பிடிப்பதால் இருமல் குறைந்ததற்குச் சான்று கிடையாது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோய் வருகிற பிள்ளைகளை மட்டும் பார்க்கிறோம்.

அம்மிச்சியிடம் இதைச் சொல்வதற்கு ஒரு வழி: “டாக்டர் இதையும் குடுக்கச் சொன்னாருங்க” என்று கொள்ளு ரசத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

வாழப்பழம், தயிர், கமலா ஆரஞ்சு குடுத்தா சளி கட்டுமா?
(வாசகர், உடுமலை)

கட்டாது. தாராளமாகக் கொடுங்கள். ஐஸ்கிரீம் தின்றதும் இருமுகிற வீசிங் குழந்தை ஒன்றிரண்டு உண்டு. உங்கள் பிள்ளையிடம் அப்படிப் பார்த்திருந்தால் அதை மட்டும் தவிருங்கள். ராத்திரி வயிறு முட்டப் பால் குடித்தவுடன் படுப்பதுதான் எதுக்களிப்புக்கும் இருமலுக்கும் காரணமாகும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடுங்கள்.

போன வாரம் ராத்திரி 1 மணிக்கு ரெண்டு வயசுப் பையன் திடீர்னு நாய் குரைக்கற மாதிரி இருமினான். மூச்ச இழுக்கறப்ப ‘கர்’ருனு சத்தம், குரல் கம்மிப்போச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பாதி சரியாயிருச்சு. டாக்டர் ஒரே ஒரு வேளை மருந்து குடுத்து அனுப்பிட்டாரு. மறுபடி வந்தா?
(வாசகர், பெருந்துறை)

இதற்கு ‘குரூப்’ என்று பெயர். குரல்வளையின் கீழே வைரஸால் வரும் வீக்கம். 6 மாதம் முதல் 3 வயதுவரை அதிகம், ஏனென்றால் அந்த வயதில் அந்த இடமே மிகக் குறுகல். ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலும் வழி பாதியாகும். முன்னிரவில் படுக்கும்போது சாதாரணச் சளி, நள்ளிரவில் குரைப்பு. இதுதான் அதன் போக்கு. உங்கள் டாக்டர் கொடுத்தது பெரும்பாலும் வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ஒரு வேளையே போதும், அவர் செய்தது சரி. அடுத்த இரண்டு ராத்திரியும் லேசாக இருக்கலாம்.

மறுபடி வந்தால் பையனை மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். அழுதால் இழுப்பு அதிகமாகும், ஆகவே வீட்டில் யாரும் பதறக்கூடாது, தொண்டைக்குள் விரலோ கரண்டியோ விட்டுப் பார்க்கக்கூடாது. போர்வை போர்த்தித் திண்ணைக்குத் தூக்கிப் போய்க் குளிர்ந்த காற்றைச் சுவாசிக்கவைப்பது லேசான குரூப்புக்கு உதவும். அமைதியாக இருக்கும்போதும் மூச்சை இழுக்கையில் சத்தம் கேட்டால் உடனே ஆஸ்பத்திரி. எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டு, கடும் காய்ச்சலோடு முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தால் அது குரூப் இல்லை, அதைவிட ஆபத்தானது. ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

அந்தியூருக்கு மேல மலைக் கிராமம் எங்களுது. ராத்திரி வண்டி கிடைக்கறது கஷ்டம். எந்த இருமலுக்கு விடியற வரைக்கும் காத்திருக்கலாம், எதுக்குக் கூடாது?
(வாசகர், பர்கூர் மலை)

இருமலை எண்ணாதீர்கள், மூச்சை எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி, வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று என்று, கைபேசியில் ஒரு நிமிடம் முழுக்க வைத்து எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது குழந்தைக்குச் சரிவராது, அவர்கள் மூச்சு விட்டுவிட்டு ஓடும். 2 மாதத்துக்குள் 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 12 மாதம்வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுவரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். காய்ச்சலில் சற்றுக் கூடும், எனவே காய்ச்சல் தணிந்ததும் ஒருமுறை எண்ணுங்கள்.

விலா எலும்புக்குக் கீழே மூச்சு இழுக்கும்போது குழி விழுந்தால், உதடு நீலமானால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், பால் குடிக்கவோ இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவோ முடியாமல் போனால், எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தால், நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் வண்டி வர நேரமாகும் என்பதால், ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்ற அரை மணி நேரம் உங்களுக்குக் கிடையாது.

3 மாதத்துக்குள் உள்ள குழந்தை தொடர்ந்து இருமினால் மூச்சு நன்றாக இருந்தாலும் அடுத்த நாளே காட்ட வேண்டும். கக்குவான் இருமல் அந்த வயதில் கக்கும் சத்தமே இல்லாமல் வரும். இருமி இருமி முகம் கறுத்து, சட்டென்று மூச்சு நின்றுவிடும். பெரிய குழந்தைகளுக்கு அடுக்கடுக்காக இருமி, கடைசியில் ‘ஊப்’ என்று இழுத்து வாந்தி எடுக்கும். 6, 10, 14 வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலும், ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் போடும் ஊக்க ஊசியிலும் இதற்கான தடுப்பு இருக்கிறது. மலையில் கிராம சுகாதார செவிலியர் வரும் நாளைத் தவறவிடாதீர்கள்.

ரெண்டரை வயசுப் பொண்ணு. தோட்டத்துல கடலைக்காய் தின்னுட்டு இருக்கறப்ப சிரிச்சா, புரையேறி நல்லா இருமினா, அப்புறம் சரியாயிட்டா. அன்னிக்கிருந்து மூணு வாரமா ராத்திரி இருமல். எக்ஸ்ரே நார்மல்னு சொல்லிட்டாங்க.
(வாசகி, பொள்ளாச்சி)

இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திருக்காமல் உடனே பதில் அனுப்பினோம். மற்றவர்களுக்காக இங்கே.

நிலக்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. தேங்காய்ச் சில்லும் புளியங்கொட்டையும் தெரியாது. எக்ஸ்ரே சரியாக இருப்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று ஆகாது. புரையேறியபின் வரும் அமைதி ஏமாற்று அமைதி: கடலை கிளைக்குழாயில் போய் உட்கார்ந்ததும் இருமல் தற்காலிகமாக அடங்கும். சில நாளில் அதன் எண்ணெய் சுற்றிலும் புண்ணாக்கி, பருப்பு ஊறிப் பெருத்து, இருமலும் காய்ச்சலும் தொடங்கும். ஒரு பக்க நெஞ்சில் மட்டும் காற்று குறைவாகக் கேட்பது முக்கிய அடையாளம். மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய் உள்நோக்கிக் கருவியால் பார்த்து எடுக்க வேண்டும். “தின்கிறபோது புரையேறியது” என்ற ஒரு வரியை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தொக்கம் எடுப்பவரிடம் போய் நாளைக் கடத்தாதீர்கள்.

முழுக் கடலை, பொட்டுக்கடலை, வேகாத கேரட் துண்டு எதுவும் 4 வயதுவரை வேண்டாம், அரைத்துக் கொடுங்கள். அடைத்த நொடியில் குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள், முதுகில் தட்டாதீர்கள். சத்தம் வராமல் திணறினால் முன்னால் குனியவைத்துத் தோள்பட்டை நடுவே உள்ளங்கை அடியால் 5 அடி. போகாவிட்டால், ஒரு வயதுக்கு மேல் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்நோக்கி 5 அழுத்தம். ஒரு வயதுக்குக் கீழே மல்லாக்கத் திருப்பி நெஞ்சு நடுவில் உள்ளங்கை அடியால் 5 அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

அப்பாருக்கு மூணு வாரமா இருமல், பீடி இருமல்னு விட்டுட்டோம். இப்ப கூடவே படுக்கற 4 வயசுப் பேரனும் இருமறான், எடையும் ஏறல.
(வாசகர், பவானி)

முதலில் பரிசோதிக்க வேண்டியது அப்பாரை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் பெரியவர் யாராக இருந்தாலும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். குழந்தைக்குக் காசநோய் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடமிருந்தே வருகிறது. பேரனையும் அதே நாளில் கூட்டிப் போய் “எடை ஏறவில்லை, கூடப் படுக்கிறான்” என்று சொல்லுங்கள். அப்பாருக்கு உறுதியானால், பேரனுக்கு நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். வேண்டாம் என்று மறுக்காதீர்கள். முடிவு தெரியும்வரை இருவரும் தனித்தனி அறையில், ஜன்னல் திறந்து. பீடியும் வாசலுக்கு வெளியேதான்.

பொண்ணுக்கு ஒன்றரை மாசமா ‘கொறகொற’ன்னு சளி இருமல். வீசிங் மருந்து அடிச்சும் கேக்கல.
(வாசகி, ஈரோடு)

4 வாரம் தாண்டிய ஈர இருமல் வீசிங்கைவிட, மூச்சுக்குழாயில் நிலைத்துவிட்ட பாக்டீரியாத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கேதான் ஆன்டிபயாடிக்குக்கு உண்மையான வேலை இருக்கிறது, அதுவும் வழக்கமான 5 நாள் இல்லை, பொதுவாக 2 வாரம். அதற்கும் நிற்காவிட்டால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. வாயைத் திறந்து தூங்கிக் குறட்டை விடுகிறாளா என்பதையும் கவனியுங்கள், மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கியிருக்கலாம்.

எல்லாரும் ராத்திரி இருமலுன்னு கேக்கறாங்க. எங்க 9 வயசுப் பையன் பகல் பூரா நிமிஷத்துக்கு நாலு தடவ கோழி கூவற மாதிரி இருமறான், தூங்கிட்டா ஒரு இருமல் கிடையாது. ரெண்டு மாசமாச்சு. மூணு டாக்டர் பாத்து, ஸ்கேன்கூட எடுத்தாச்சு.
(வாசகர், நாமக்கல்)

தூங்கினால் அடியோடு நின்றுவிடுகிறது என்பதே விடை. நுரையீரலில் கோளாறு இருந்தால் தூக்கத்தில் இப்படி முழுசாக விடாது. ஒரு சளியில் தொடங்கிய இருமல், சளி போனபின் பழக்கமாகத் தங்கிவிட்டது. அவன் நடிக்கவில்லை, வேண்டுமென்று செய்யவுமில்லை. தொண்டையில் கிச்சுகிச்சு வருகிறது, இருமினால் போகிறது, இருமியதாலேயே மறுபடி வருகிறது. மருந்து எல்லாவற்றையும் டாக்டரைக் கேட்டு நிறுத்தலாம். இருமல் வரும்போல் இருக்கும் நொடியில் ஒரு மடக்கு வெதுவெதுப்பான நீர் குடித்து, ஒரு நிமிடம் அடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு நிமிடம், அப்புறம் ஐந்து. பேச்சுப் பயிற்சியாளர் இதை ஓரிரு அமர்வில் சொல்லிக்கொடுப்பார். வீட்டில் யாரும் “இருமாத கண்ணு” என்று சொல்லவேண்டாம், இருமும்போது திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடமும் இதையே சொல்லிவையுங்கள்.